நான்கு பக்க ரெஸ்யூமேயை இரண்டாக்கியபோது கற்றுக்கொண்டது

ஆறு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் நிருபர், மூன்று வருடம் ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்ஸி, அப்புறம் ஒன்பது வருடம் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர். இத்தனை அனுபவம் இருக்கும்போது கம்யூனிகேஷன்ஸ் ஹெட் வேலைக்கு விண்ணப்பித்தால் கூப்பிடாமலா போவார்கள் என்று நினைத்தேன். 2024-ல் பதினான்கு இடங்களுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு இடத்திலிருந்து அழைப்பு வந்தது, அதுவும் முதல் சுற்றோடு முடிந்துவிட்டது.

முடிந்ததற்குக் காரணம் என் ரெஸ்யூமேயில் இருந்த ஒரு வரி. ‘ஓராண்டில் 11 கோடி ரூபாய் மதிப்புள்ள கவரேஜ் பெற்றுத் தந்தேன்’ என்று பெருமையாகப் போட்டிருந்தேன். நேர்காணல் எடுத்தவர் அதைத்தான் முதலில் கேட்டார். செய்தி வந்த இடத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதே இடத்துக்கான விளம்பரக் கட்டணத்தால் பெருக்கினோம் என்றேன். “சரி, அந்தச் செய்திகளால் உங்கள் நிறுவனத்துக்கு என்ன நடந்தது?” என்றார். என்னிடம் பதில் இல்லை. விளம்பரத்துக்கு இணையான மதிப்பு என்னும் இந்தக் கணக்கு பி.ஆர். வேலையின் மதிப்பைக் காட்டாது என்று, பி.ஆர். பலனை அளப்பதற்கான சர்வதேச வழிகாட்டுதலான பார்சலோனா கோட்பாடுகள் 2010-லேயே சொல்லிவிட்டன. உங்கள் ரெஸ்யூமேயில் இப்படி ஒரு தொகை இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஏஜென்ஸியில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் இப்போது ஓய்வில் இருக்கிறார். அவரிடம் நான்கு பக்கத்தையும் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். “நீ நிறைய வேலை பார்த்திருக்கேன்னு தெரியுது. ஆனா நீ இல்லாம போயிருந்தா அந்தக் கம்பெனிக்கு என்ன நஷ்டம்னு தெரியலையே” என்றார். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் ரெஸ்யூமே முழுவதையும் மறுபடி எழுதினேன். எழுதியது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதலில் போனவை: அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, பாஸ்போர்ட் எண், ‘சவாலான பணியில் சேர்ந்து வளர விரும்புகிறேன்’ என்ற பத்தி, கடைசியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழி. கல்லூரி முடித்தபோது யாரோ கொடுத்த பயோடேட்டா மாதிரியை இத்தனை வருடம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இவை போனதிலேயே முக்கால் பக்கம் மிச்சம்.

அடுத்து, மேலே வரும் மூன்று வரி. தலைமைப் பதவிக்கு ஆள் தேடுபவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது நீங்கள் சுமந்த பாரத்தின் அளவை. எத்தனை ஆலைகள், எத்தனை ஊழியர்கள், உங்கள் குழுவில் எத்தனை பேர், பட்ஜெட் எவ்வளவு, யாரிடம் ரிப்போர்ட் செய்தீர்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுதுவதே இல்லை. ஹெச்.ஆர். தலைவரிடம் ரிப்போர்ட் செய்வதும் எம்.டி.யிடம் நேராகப் பேசுவதும் வேறு வேறு வேலை. நான் காகிதத்தில் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தேன், நெருக்கடி நேரத்தில் எம்.டி.யின் அறையில் இருந்தேன். இரண்டையும் அப்படியே எழுதினேன். பதவிப் பெயரை மட்டும் மாற்றவில்லை. மேனேஜராக இருந்துவிட்டு ‘தலைவர்’ என்று போட்டுக்கொண்டால், பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனம் வேறு பெயரைச் சொல்லும்போது மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இனி, எனக்கு மிகவும் கடினமாக இருந்த பகுதி. நம் துறையில் நன்றாகச் செய்த வேலை பெரும்பாலும் வெளியே தெரியாது. வராமல் தடுத்த செய்தியை, அனுப்பாமல் விட்ட அறிக்கையை எந்தக் கோப்பில் ஒட்டிவைப்பது? என் பழைய ரெஸ்யூமேயில் பிரஸ் ரிலீஸ் எண்ணிக்கை, பிரஸ் மீட் எண்ணிக்கை, உள்சுற்று இதழின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. நான் எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை. தலைமைப் பதவிக்குச் சம்பளம் தருவதே அந்த முடிவுகளுக்காகத்தான்.

ஒரு முறை எங்கள் ஆலையை மூடப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓர் ஆடியோ சுற்றியது. மறுநாள் எல்லா நாளிதழ்களுக்கும் மறுப்பு அனுப்பச் சொன்னார் எம்.டி. வேண்டாம் சார் என்றேன். வதந்தியைக் கேட்டிராத லட்சம் பேருக்கு நாமே அதைச் சொன்னதாகிவிடும், முதலில் நம் ஆட்களிடம் பேசுவோம் என்றேன். மூன்று ஷிஃப்ட் மாறும் நேரத்திலும் அவரே கேன்டீனில் நின்று ஆர்டர் நிலவரத்தைச் சொன்னார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இதை ரெஸ்யூமேயில் இப்படி எழுதினேன்: ‘ஆலை மூடல் வதந்தியின்போது பத்திரிகை மறுப்பைத் தவிர்த்து, மூன்று ஷிஃப்டுகளிலும் எம்.டி.யின் நேரடி விளக்கத்துக்குப் பரிந்துரைத்தேன். இரண்டு நாளில் வருகை வழக்கமான அளவுக்குத் திரும்பியது. எந்த நாளிதழிலும் செய்தி வரவில்லை.’ என்ன நிலைமை, நான் என்ன சொன்னேன், பிறகு என்ன ஆனது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இப்படி ஐந்து வரிகள் சேர்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பழைய டைரி, மெயில் எல்லாம் தேட வேண்டியிருந்தது. நீங்கள் இப்போது வேலையில் இருந்தால், மாதம் ஒரு முறை இப்படி ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வேலை தேடும்போது நினைவு கைகொடுக்காது.

இன்னொரு வரி 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் பற்றியது. டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, போன் சிக்னலும் சரியாக இல்லை. ஷிஃப்ட் பேருந்து வருமா வராதா என்று தெரியாமல் ஆட்கள் தண்ணீரில் நிற்கக் கூடாது என்பதே எங்கள் ஒரே கவலை. பேருந்து வழித்தடம் வாரியாக ஒரு சூப்பர்வைசர், அவருக்குக் கீழே பத்துப் பேர் என்று முன்பே ஒரு போன் சங்கிலி போட்டிருந்தோம். அந்தச் சங்கிலியில் பேரும் நம்பரும் சரிபார்த்து வைத்திருந்தவள் என் குழுவில் இருந்த இளம்பெண். அதனால் அந்த வரியில் ‘என் குழு’ என்றே எழுதினேன். தலைமைக்கு விண்ணப்பிப்பவர் எல்லாவற்றையும் ‘நான்’ என்று எழுதினால் படிப்பவருக்கு உறுத்தும். முழுக்க ‘நாங்கள்’ என்று எழுதினாலும் உங்கள் பங்கு தெரியாது. முடிவு என்னுடையது, செயல் குழுவுடையது என்று பிரித்துக்கொண்டேன்.

மொழி விஷயத்திலும் ஒரு தப்பு செய்திருந்தேன். ‘தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம்’ என்று கடைசிப் பக்க மூலையில் கிடந்தது. ஆனால் எங்கள் ஆலையில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். பாதுகாப்பு அறிவிப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழ், இந்தி, ஒடியா மூன்றுக்கும் கொண்டுபோனது நான் முன்னின்று செய்த வேலை. தமிழ்நாட்டில் ஆலை நடத்தும் நிறுவனத்துக்கு இதைவிட வேண்டிய தகுதி என்ன இருக்கிறது? அதை முதல் பக்கத்துக்கு ஏற்றினேன்.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், கம்பெனி செக்ரட்டரியோடும் சட்டப் பிரிவோடும் சேர்ந்து வேலை பார்த்த அனுபவத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பட்டியலிடல் விதிமுறைகளில் 30-வது விதிப்படி, நிறுவனத்துக்குள்ளிருந்து எழும் முக்கிய நிகழ்வைப் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்கப் பொதுவாக 12 மணி நேரமும், வெளியிலிருந்து எழுவதற்கு 24 மணி நேரமும்தான் உண்டு. சந்தைக்குத் தெரிவிக்கும் முன் நிருபரிடம் வாய்விட்டால் பெரிய சிக்கல். இது தெரிந்தவர் என்று காட்ட ஒரு வரி போதும்.

ரகசியம் காப்பதும் இதே இடத்தில் பரிசோதிக்கப்படுகிறது. விபத்து, பேச்சுவார்த்தை, வழக்கு பற்றி எழுதும்போது பெயர், தேதி, இழப்பீட்டுத் தொகை எதையும் போடாதீர்கள். பழைய முதலாளியின் ரகசியத்தை ரெஸ்யூமேயில் கொட்டுபவர் நாளை நம்முடையதையும் கொட்டுவார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

என் வாழ்க்கையில் பதினோரு மாத இடைவெளி உண்டு. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த காலம். முன்பு வருடத்தை மட்டும் போட்டு மாதத்தை மறைத்திருந்தேன். இப்போது ‘குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள விடுப்பு’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

வடிவம் பற்றிச் சுருக்கமாக. நிறைய நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது மென்பொருள். பக்கத்தை இரண்டாகப் பிரித்த நெடுவரிசை, கட்டங்கள், படமாகப் போட்ட எழுத்து இவற்றில் அது தடுமாறலாம். உங்கள் பிடிஎஃப்-ஐத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் வரிசையாக வந்தால் சரி. என்னுடையதில் வேலை பார்த்த வருடங்கள் எல்லாம் கீழே தனியாகப் போய்க் கிடந்தன. விளம்பரத்தில் ‘நெருக்கடி மேலாண்மை’ என்று கேட்டிருந்தால், நீங்கள் செய்தது உண்மையாக அதுதான் என்றால், அதே சொல்லை எழுதுங்கள். தமிழில் எழுதிய மாதிரிகளை இணைப்பதானால் யூனிகோடில் அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது எதிராளியின் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியலாம். நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற வேலைத் தளங்களில் உள்ள தேதிகள் ரெஸ்யூமேயோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு பக்கத்தில் முடித்த புதிய ரெஸ்யூமேயை ஆறு இடங்களுக்கு மட்டும் அனுப்பினேன், ஒவ்வொன்றுக்கும் அந்த ஐந்து வரிகளின் வரிசையை மாற்றி. மூன்று இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மூன்றிலும் கேன்டீன் வரியைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர், “எம்.டி. உங்கள் பேச்சைக் கேட்காமல் மறுப்பை அனுப்பியே ஆக வேண்டும் என்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” என்றார். அனுப்பியிருப்பேன், ஆனால் அதற்கு முன் கேன்டீனில் பேச ஒரு மணி நேரம் கேட்டிருப்பேன் என்றேன். அங்கேதான் இப்போது வேலை பார்க்கிறேன்.