தூக்கத்துக்கு ஒரு சான்றிதழ்

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள் என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுவோம். ஆனால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் வீட்டுப்படி இறங்கவே வராது. எண்ணெய்த் தலையில் எலெக்ட்ரோடு ஒட்டாது. அதனால் நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் தூக்க ஆய்வகத்தில் இரவு ஷிஃப்டின் முதல் வேலை, வந்தவர் கையில் ஷாம்பு பாக்கெட்டைக் கொடுத்துக் குளியலறைக்கு அனுப்புவதுதான்.

பிறகு தலை, கண்ணோரம், தாடை, கால் என்று ஒயர்களை ஒட்டி, மூக்கில் குழாய் வைத்து, மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்டி, விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டிவிட்டு, "இனி நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று விளக்கை அணைப்பேன். அதைக் கேட்டுச் சிரிக்காதவர் குறைவு. ஆனாலும் தூங்கிவிடுவார்கள். தூக்கத்தில் மூச்சுவழி அடிக்கடி அடைபடும் மூச்சுத்தடை நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் படுத்ததும் கண் சொக்கிவிடும்.

வருகிறவர்களில் குளச்சல், முட்டம் பக்கத்து விசைப்படகுக்காரர்கள் உண்டு, ரப்பர் வியாபாரிகள் உண்டு, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் உண்டு. தாமாக வருகிறவர் அபூர்வம். மனைவி இழுத்துக்கொண்டு வந்திருப்பார். குறட்டை சட்டென்று நிற்பதும், அறை அமைதியாவதும், பிறகு மூச்சுத் திணறிப் புரள்வதும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். தூங்குகிறவர் மறுநாள் சத்தியம் செய்வார், தான் அசையாமல் தூங்கியதாக.

ஒருமுறை ஒரு விமானி தாயாரோடு வந்தார். தக்கலைப் பக்கம் சொந்த ஊர், வேலை வெளி மாநிலத்தில். விமானிகளுக்கு, நாட்டின் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். அறுபது வயதுக்குள் என்றால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அப்படிப் போன இடத்தில் மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டுத் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார். "வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி இருக்கிறதாமே, அண்ணே?" என்று கேட்டார். இருக்கிறது. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு தூங்கியவர் விமானியா அவர் தம்பியா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. வேலைக்கான சான்று என்றால் ஆய்வகத்தில் படுப்பதே நல்லது என்றேன். தாயாருக்கு வேறு கவலை. "மக்களே, குறட்டை விட்டதற்கெல்லாமா வேலையை எடுப்பார்கள்?"

படுக்கும் முன் எப்வொர்த் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வோம். எந்தெந்த வேளையில் கண்ணயர்வீர்கள் என்று எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை மதிப்பெண். எட்டுக்கும் பூஜ்யம் போட்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருந்தால் தூக்கம் வருமா என்பது அதில் ஒரு கேள்வி. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு அதற்குப் பூஜ்யம் போடுகிற மனிதர் இந்த மாவட்டத்தில் இல்லை. வேலைக்கு ஆபத்து என்றால் எல்லாரும் பூஜ்யம்தான் போடுவார்கள். நான் அந்தத் தாளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உறங்குகிறவனால் நடிக்க முடியாது.

அவர் ஒல்லி. தடித்த கழுத்துக்காரர்களுக்குத்தான் இந்த நோய் வரும் என்று நம்பியிருந்தார். கீழ்த்தாடை சற்று உள்வாங்கியிருந்தாலும் போதும், தூக்கத்தில் தசை தளரும்போது நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்துவிடும். மூன்று மணிக்கு மேல் திரையில் அது தெளிவாகத் தெரிந்தது. மூக்குக் காற்றின் கோடு தட்டையாகிவிட்டது. மார்பும் வயிறும் மட்டும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சிறிது நேரம் கழித்து ஆக்சிஜன் அளவு சரிந்தது. மூளையின் அலை ஒரு கணம் விழித்தது, ஒரு பெரும் இழுப்பு, மறுபடி முதலிலிருந்து. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு தடைப்பட்டால் ஒன்று என்று எண்ணுவோம். மூச்சு குறைவதையும் சேர்த்து மணிக்கு ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை, பதினைந்தைத் தாண்டினால் நடுத்தரம், முப்பதைத் தாண்டினால் கடுமை. அவருடையது நடுத்தரம். கனவு வரும் கட்டத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் நீளும், தடையும் அப்போதுதான் முற்றும். நாலு மணிக்கே எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்பவர்களை நான் விடாததற்கு அதுதான் காரணம்.

காலையில் அவர் கேட்டதெல்லாம் 2010 மே மாதம் மங்களூரில் 158 பேர் இறந்த விமான விபத்தைப் பற்றி. விமானியறைக் குரல்பதிவில் கேப்டனின் குறட்டை கேட்டது செய்திகளில் வந்ததுதான். ஆனால் அங்கே விசாரணை சுட்டிக்காட்டியது நெடுநேரத் தூக்கத்திலிருந்து எழுந்தபின் வரும் மந்தத்தை. மூச்சுத்தடைக்குச் சரியான உதாரணம் 2008 பிப்ரவரியில் ஹவாயில் நடந்தது. காலை நேரத்தில் இரண்டு விமானிகளும் தூங்கிவிட, விமானம் இறங்க வேண்டிய ஹிலோவைத் தாண்டிக் கடலுக்கு மேல் போனது. விழித்துத் திரும்பிப் பத்திரமாக இறங்கினார்கள். அந்த கேப்டனுக்குக் கடுமையான மூச்சுத்தடை இருந்தது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது.

நோய் இருப்பதால் சான்று போய்விடாது என்பதை அவரை நம்பவைக்கத்தான் நேரம் பிடித்தது. அமெரிக்காவில் 2013இல் பருமனான விமானிகளையெல்லாம் முதலில் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பப் பார்த்தார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2015இல் வந்த விதி, பரிசோதனை முடியும்வரை பறக்க இடம் தந்தது. சிகிச்சையில் இருப்பவர், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் காற்றழுத்தக் கருவியை நூற்றுக்கு எழுபத்தைந்து தூக்கங்களிலாவது, சராசரி ஆறு மணி நேரம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. நம் ஊரில் முடிவு டி.ஜி.சி.ஏ. கையில். கேட்கப்படுவது ஆதாரம்தான். கருவிக்குள் இருக்கும் சிறு அட்டை முகமூடி மாட்டிய ஒவ்வொரு நிமிடத்தையும் எழுதிவைக்கிறது. சில இடங்களில் விழிப்புப் பரிசோதனையும் உண்டு: மங்கலான அறையில் ஒன்றும் செய்யாமல் நாற்பது நிமிடம் தூங்காமல் உட்கார வேண்டும், அதுவும் ஒரே நாளில் நான்கு முறை. எனக்கு இரண்டாவது முறையே தலை சாய்ந்துவிடும்.

சில காலம் பறக்காமல் இருந்துவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார். விடுமுறைக்கு வரும்போது அட்டையைக் கொண்டுவந்து அறிக்கை எடுத்துப் போவார். ஒருமுறை சில இரவுகள் வெறுமையாக இருந்தன. மழையில் ஊரில் மின்சாரம் இல்லையாம். ஒக்கிப் புயலில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டம் இது, எனக்கு அது புதிதில்லை. இப்போது கருவியோடு ஒரு பேட்டரியும் கொண்டு அலைகிறார்.

இவ்வளவு கெடுபிடி விமானிக்கு. களியக்காவிளை வழியாக இரவெல்லாம் கேரளத்துக்கு லாரி ஓட்டுகிறவரிடம் கண்ணையும் காதையும் பார்ப்பார்கள், தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்டு நான் அறியேன். அப்படி ஒருவருக்கு விமானியைவிட மோசமான அறிக்கை வந்தது. "கருவி வாங்காவிட்டால் லைசென்சை எடுப்பார்களா, தம்பி?" என்றார். எடுக்கமாட்டார்கள் என்றேன். "அப்படியானால் பிறகு பார்க்கலாம்." அவர் திரும்பி வரவில்லை. மனைவியின் எண் ஃபைலில் இருக்கிறது. பரிசோதனைக்கு அழைத்து வந்ததே அவர்தான், கருவிக்கும் அவரிடமே பேசுவதாக இருக்கிறேன்.