பாதத்துக்கு நேராகப் பாதம்

போர்ச்சுகல் மன்னர் முதலாம் பெத்ரோவை நினைத்தாலே மனசு கனத்துவிடுகிறது. மனைவி கான்ஸ்டான்சாவின் தோழியாக வந்த இனேஸ் மேல் அவருக்குக் காதல். கான்ஸ்டான்சா இறந்த பிறகும் அப்பா நான்காம் அபோன்சோ இந்தக் காதலுக்கு மசியவில்லை. 1355இல் கொயிம்ப்ராவில் இனேசைக் கொல்ல வைத்தார். பெற்ற மகனுக்கு ஓர் அப்பா செய்கிற காரியமா இது?

1357இல் அரியணை ஏறிய பெத்ரோ, இனேசை ரகசியமாக மணந்திருந்ததாகப் பிறகு அறிவித்தார். அல்கோபாசா மடாலயத்தில் இருவர் கல்லறைகளும் எதிரெதிரே, பாதத்துக்கு நேராகப் பாதம். இறந்தவர்கள் உயிர்த்தெழுவதாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் இறுதி நாளில் எழுந்ததும் முதலில் ஒருவரையொருவர் பார்க்கத்தான் அப்படி என்பார்கள்.

அப்புறம் வம்சம். பட்டத்து மகன் பெர்னாந்தோ 1383இல் ஆண் வாரிசின்றி இறந்தார். 1385இல் முடிசூடியது, தெரேசா லொரென்சோ என்ற வேறொரு பெண்ணிடம் பெத்ரோவுக்குப் பிறந்த இன்னொரு மகன் ஜுவாங். வாஸ்கோடகாமாவைக் கள்ளிக்கோட்டைக்கு அனுப்பிய மன்னர் மானுவேல், இந்த ஜுவாங்கின் கொள்ளுப்பேரன்.