ஊதாமல் உறிஞ்சி ஓட்டலாம்

குட்டி நீராவி இன்ஜின் மாடலை ஓட்ட அழுத்தக் காற்றுதான் வேண்டும் என்றில்லை. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரின் உறிஞ்சு குழாயை எக்ஸாஸ்டில் (வெளியேறும் வாயில்) மாட்டி, இன்லெட்டை (உள்நுழையும் வாயை)த் திறந்து விடுங்கள். வழக்கமான திசையிலேயே சுற்றும். மாற்றி இன்லெட்டில் மாட்டினால் ஆடும் சிலிண்டர் வகை (சிலிண்டரே அசைந்து துவாரங்களைத் திறந்து மூடுவது) தலைகீழாகச் சுற்றும். ஸ்லைடு வால்வு வகையிலோ, தளத்தின் மேல் சறுக்கும் வால்வே தளத்தை விட்டு எழும்பிக் கசியும்.

எவ்வளவு இழுத்தாலும் கிடைக்கும் அழுத்த வேறுபாடு 1 பாருக்குள்தான், அதாவது வெளிக்காற்றின் அழுத்த அளவுக்குள். அதனால் உராய்வுதான் முதல் எதிரி, கிளாண்டை (பிஸ்டன் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பை) இறுக்காதீர்கள். ஆடும் சிலிண்டரில் ஒரு லாபம் உண்டு: வெளிக்காற்றே சிலிண்டரைப் போர்ட் முகத்தோடு (காற்றுத் துவாரங்கள் உள்ள தட்டைப் பரப்போடு) அழுத்தும், ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம். மெல்லிய டியூப் சப்பிப்போகும், தடித்ததே போடுங்கள். இன்லெட்டில் ஸ்பாஞ்சுத் துண்டு கட்டாயம், இல்லாவிட்டால் தூசி பிஸ்டனைக் கீறும். வேகம் குறைக்க, குழாயின் நடுவே T வடிவ இணைப்பு போட்டு ஊசி வால்வு வழியாக வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே விடுங்கள்.