கொசுவைப்போல் ரீங்கரித்த கன்சோல்

நள்ளிரவு தாண்டியிருந்தது. பக்கத்தில் படுத்திருந்த மனைவி கண்ணைத் திறக்காமலேயே, “கொசு வந்திருக்கிறது, பாருங்கள்” என்றாள். கொசு இல்லை. என் கையிலிருந்த கேம் கன்சோலின் விசிறிதான். வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஹெட்போன் மாட்டியே விளையாடி வந்ததால், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்ன பிறகோ அதைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

மறுநாளே பின்மூடியைக் கழற்றிவிடலாம் என்று கை பரபரத்தது. நல்லவேளை, முதலில் உட்கார்ந்து கேட்டேன். விசிறிச் சத்தம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல சத்தங்கள் இருக்கின்றன. காற்று வெளியேறும் ‘உஸ்’ இயல்பானது. ‘கீ’ என்ற மெல்லிய ரீங்காரம் இறக்கைகள் காற்றை வெட்டுவதால் வருவது. ‘கரகர’ என்றால் உள்ளே எதுவோ உரசுகிறது, அல்லது விசிறியின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்திருக்கிறது. இவை தவிர, விசிறிக்குச் சம்பந்தமே இல்லாத மின்சுருளின் சத்தமும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது எளிது: விளையாட்டை மூடியதும் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். விசிறியோ சூடு தணியும்வரை சுழன்று, மெல்ல மெல்ல இறங்கும். என்னுடையது மெல்லத்தான் இறங்கியது. எனவே விசிறிதான்.

கன்சோலைச் செங்குத்தாகவும் பிறகு குப்புறவும் பிடித்துப் பார்த்தேன். குப்புறப் பிடித்தபோது கரகரப்பு ஏறக்குறைய மறைந்தது. ரீங்காரம் அப்படியே இருந்தது. பிடிக்கும் கோணத்துக்கேற்ப மாறும் சத்தம் பேரிங்கைத்தான் காட்டிக்கொடுக்கும். ஆக, எனக்கு இரண்டு நோய்கள். இரண்டுக்கும் தனித்தனி மருந்து வேண்டும்.

ரீங்காரத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ஒரு செயலியைத் திறந்து கன்சோலின் காற்றுத்துளைக்கு அருகே வைத்தேன். விசிறி நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது 2,900 ஹெர்ட்ஸைச் சற்றே தாண்டி ஒரு கூர்முனை எழுந்தது. பிற்பாடு மூடியைத் திறந்து எண்ணியபோது இறக்கைகள் 35 இருந்தன. 5,000-ஐ 60-ஆல் வகுத்து 35-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,917. கணக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத்தான். சின்னச் சத்தம் இவ்வளவு தொல்லை தந்ததற்கு அதுவே காரணம்.

விசிறியை மெதுவாக ஓடவைக்க வேண்டுமானால் சூட்டைக் குறைக்க வேண்டும். அமைப்புகளில் சிப்பின் மின்வரம்பை 15 வாட்டிலிருந்து 10 வாட்டாக இறக்கினேன். திரையை விநாடிக்கு 40 முறை புதுப்பிக்கும்படி 40 ஹெர்ட்ஸில் வைத்து, விளையாட்டு விநாடிக்கு வரையும் படங்களின், அதாவது ஃபிரேம்களின், எண்ணிக்கையையும் 60-லிருந்து 40 ஆக்கினேன். 40 என்பது கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரு ஃபிரேமுக்கான நேரத்தைப் பாருங்கள்: 60-க்கு 16.7 மில்லி விநாடி, 30-க்கு 33.3, 40-க்கு 25. சரியாக நடுவில் நிற்கிறது. நிதானமான விளையாட்டுகளில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. விசிறி 4,000 சுற்றுக்கு இறங்கியது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே சத்தம் சுமார் 5 டெசிபல் இறங்கும். அறைக்குள் அது நன்றாகவே தெரிந்தது.

கரகரப்பு மட்டும் போகவில்லை. வாரண்டி முடிந்திருந்ததால் திறப்பதென்று முடிவு செய்தேன். (வாரண்டி இருப்பவர்கள் தயவுசெய்து திறக்காதீர்கள்.) பேட்டரியை 25 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிவிட்டு, கன்சோலை முழுவதுமாக அணைத்தேன். மெமரி கார்டை மறக்காமல் வெளியே எடுத்தேன். அது உள்ளே இருக்கும்போது மூடியைப் பிரித்தால் கார்டு இரண்டாக ஒடிந்துவிடும். திருகுகளில் நீளமானவையும் குட்டையானவையும் கலந்திருந்தன. ஒரு காகிதத்தில் கன்சோலின் படம் வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே ஒட்டிவைத்தேன். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்கியதுதான்.

உள்ளே பார்த்தபோது மனம் கனத்தது. வெப்பத்தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் பஞ்சுப்படலம். விசிறியின் அச்சில் ஒரு நீள முடி சுற்றியிருந்தது. இடுக்கியால் முடியை உருவினேன். தூசியைப் போக்கக் காற்று அடிக்கும்போது ஒரு விரலால் இறக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். இது முக்கியம். காற்றின் வேகத்தில் விசிறியைத் தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். சுழலும் மோட்டார் மின்னாக்கியாகவும் மாறி, உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்சுற்றுப் பலகைக்குள் அனுப்பக்கூடும்.

சுத்தம் செய்து மூடியபின், அதே விளையாட்டில் விசிறி முன்னைவிட மெதுவாகவே ஓடியது. ஆனால் கரகரப்பு மூன்றாம் நாளே திரும்பிவிட்டது. மூடியின் உட்புறம் ஸ்பாஞ்ச் ஒட்டினால் சத்தம் அமுங்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் செய்யவில்லை. காற்று உள்ளே வரும் இடத்தை அடைத்தால் சூடு ஏறும். அதைத் தணிக்க விசிறி இன்னும் வேகமாக ஓடும். தேய்ந்த பேரிங்குக்கு மாற்று விசிறி ஒன்றுதான் வழி.

புதியதை வாங்கி மாற்ற அரை மணி நேரம் போதுமாக இருந்தது. மெல்லிய வயரை இழுக்காமல் இணைப்பின் தலையைப் பிடித்துத் தூக்குவதில் மட்டும் பொறுமை தேவைப்பட்டது. மூடியின் திருகுகள் நேராகப் பிளாஸ்டிக்கில் இறங்குபவை. ஒவ்வொன்றையும் முதலில் எதிர்த்திசையில் திருப்பி, ‘டக்’ என்று பழைய புரியில் விழுந்த பிறகே முறுக்கினேன்.

கனமான விளையாட்டுகளில் ரீங்காரம் இப்போதும் லேசாக எழத்தான் செய்கிறது. கரகரப்பு அடியோடு போய்விட்டது. அன்றிரவு ஹெட்போன் இல்லாமல், ஒலியை மிகக் குறைத்து வைத்து விளையாடினேன். மனைவி புரண்டு படுத்தாள், விழிக்கவில்லை. கழற்றிய பழைய விசிறி மேசைமேல் கிடக்கிறது. அதன் நடுவே விரல் வைத்துப் பக்கவாட்டில் அசைத்தால், மயிரிழை அளவுக்கு ஆடுகிறது.