மூன்று சுப்பையாவும் ஒரு வண்டிச்சத்தமும்

எங்கள் குடும்பக் கதையை நாவலாக எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிய ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. கைவசம் பதினோரு அத்தியாயம் இருக்கிறது. போன மாதம் ஒரே மூச்சில் படித்துப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை வாசித்ததுபோல் இருந்தது. இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகள், இன்ன ஊர் என்று எல்லாம் இருந்தது. ஆள்தான் ஒருவரும் இல்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டு, பிடித்த குடும்ப நாவல்களை மறுபடி எடுத்தேன். இந்த முறை ரசிக்க இல்லை, களவாட.

தாமஸ் மன்னின் ‘புடன்புரூக்ஸ்’ 1901இல் வந்தது. ஜெர்மனியில் தானிய வியாபாரம் செய்த ஒரு பெரிய குடும்பம் நான்கு தலைமுறையில் நொடித்துப்போகிற கதை. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் எழுதிவைக்கும் ஏடு ஒன்று அந்த வீட்டில் உண்டு. கடைசித் தலைமுறைச் சிறுவன் ஹன்னோ, ஒருநாள் தன் பெயருக்குக் கீழே இரட்டைக் கோடு இழுத்துவிடுகிறான். அப்பா அதட்டிக் கேட்டால், இனிமேல் எதுவும் வராது என்று நினைத்தேன் என்கிறான். நூற்றுக்கணக்கான பக்கங்களின் பாரத்தை இரண்டு கோடு தாங்குகிறது.

எங்கள் வீட்டிலும் ஏடு உண்டு. ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த தாத்தாவின் கணக்கு நோட்டு. எத்தனை கவுளி போனது, அகத்தி விதைக்கு என்ன ஆனது, கிள்ளுக் கூலி எவ்வளவு என்பதுதான் பக்கமெல்லாம். அதிலிருந்து விளைச்சலை எடுத்தேன், விலையை எடுத்தேன். 1953ஆம் வருடப் பக்கத்தில் இருந்த ‘பெரியவளை அழைத்துவர வண்டிச்சத்தம் எட்டணா’ என்ற வரியை மட்டும் தாண்டிப் போயிருக்கிறேன். வண்டிச்சத்தம் என்றால் வண்டி வாடகை. பெரியவள் என்றால் அத்தை. கல்யாணச் செலவு அதற்குப் பத்துப் பக்கம் முன்னால் இருக்கிறது.

நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலை மறுபடி படிக்காமல் இருந்திருந்தால் அந்த வரி அப்படியே கிடந்திருக்கும். இரணியல் செட்டிமார் வாழ்க்கையைச் சடங்கு சடங்காகச் சொல்லிக்கொண்டே போகிறது அது. ஆனால் படித்து முடித்தபின் மனதில் நிற்பது, புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நாகுவும், அக்காளுக்காகத் தவிக்கிற திரவியும்தான். எங்கள் அத்தை சாகும்வரை பின்கட்டில்தான் இருந்தாள். என் பதினோரு அத்தியாயத்தில் அவள் இரண்டு இடத்தில் காப்பி கொண்டுவந்து கொடுக்கிறாள். அவ்வளவுதான்.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ எனக்கு உயிர். ஆனால் எழுதுகிறவனுக்கு ஆபத்தான புத்தகம். கி.ரா.வைப் படித்த கையோடு உட்கார்ந்தால், பேனா அவருடைய குரலில் கதைசொல்ல ஆரம்பித்துவிடுகிறது. ஆறு பக்கம் கிழித்தேன்.

மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ படிக்கிற எல்லாரும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே என்று குழம்புகிறார்கள். எனக்கு அந்தக் குழப்பமே இல்லை. பாட்டன் பெயரைச் சுமப்பதால்தானே நம் ஊரில் அவன் பெயரன்! எங்கள் வீட்டில் மூன்று சுப்பையா. மூன்றாவது நான். நாவலில் குழப்பம் வரக்கூடாது என்று மூன்று பேருக்கும் வேறு வேறு பெயர் வைத்திருந்தேன். அதைப்போல முட்டாள்தனம் வேறில்லை.

மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. அதனால் அம்மா என்னை ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, பையன் பெயர் என்ன என்று தலைமை ஆசிரியர் கேட்டாராம். அம்மா வாய் திறக்காமல் என் முதுகில் தட்டியிருக்கிறாள். நான் பலமாக, “தம்பி” என்றேனாம். வாசலில் நின்றிருந்த அத்தைதான் உள்ளே வந்து, தன் அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

பதினோரு அத்தியாயத்தையும் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். அந்தப் பள்ளிக்கூட வாசலில் அத்தை என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளை என்கிறாள் ஒருநாள். மறுநாள், இல்லை, அரக்கு என்கிறாள்.