தாத்தா, அம்மாச்சியோட ஒரு தேங்க்ஸ்கிவிங்

போன வாரம் அம்மா அப்பாவ நெவார்க் ஏர்போர்ட்ல ஏத்தி விட்டுட்டு வந்தேன். வீடு வெறிச்சுனு கெடக்கு. ஃப்ரிட்ஜத் தொறந்தா அம்மா போட்டு வச்சிட்டுப் போன கிரான்பெர்ரி தொக்கு பாட்டில்தான் மொதல்ல கண்ணுல படுது, அதப் பாத்ததும் இத இப்பவே எழுதி வச்சிரணும்னு தோணுச்சு, இல்லேன்னா வேல, ஸ்கூலு, ஸ்னோன்னு ஓடுற ஓட்டத்துல எல்லாம் மறந்துபோயிரும்.

விசிட்டர் விசால வந்தா பொதுவா ஆறு மாசம்தான். இங்க இருக்கறவங்க பெரும்பாலும் அம்மா அப்பாவ ஏப்ரல், மே மாசம் கூட்டிட்டு வந்து குளிருக்கு முன்னாடி அனுப்பி வச்சிருவோம். இந்தத் தடவ அங்க இங்கன்னு இழுத்து ஜூன் கடைசிலதான் அவங்களால வர முடிஞ்சுச்சு, அதனால டிசம்பர்லதான் ரிட்டர்ன் டிக்கெட், நடுவுல நவம்பர் கடைசி வியாழக்கிழமையா தேங்க்ஸ்கிவிங் வந்துச்சு, அமெரிக்காவுல குடும்பமா கூடி வான்கோழி விருந்து வச்சு நன்றி சொல்ற நாள்.

அவங்களுக்கு இது ரெண்டாவது தேங்க்ஸ்கிவிங். நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தப்ப ஒரு ஃப்ரெண்ட் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தோம், நாப்பது பேருக்கு மேல கூட்டம், எல்லாரும் நல்லவங்க, வாங்க உக்காருங்க சாப்பிடுங்கன்னு நல்லாத்தான் கவனிச்சாங்க. ஆனா அம்மாவும் அப்பாவும் அஞ்சு மணி நேரம் ஒரே சோபால கைல பேப்பர் ப்ளேட்ட வச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. திரும்பி வர்றப்ப கார்ல அம்மா மெதுவா சொன்னாங்க, "கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட ரெண்டு வெங்காயம் உரிக்க விடுவாக தாயி". அவ்வளவுதான் சொன்னாங்க, கோவமா கூட சொல்லல. அந்த வார்த்த நாலு வருஷமா என் நெஞ்சுல முள்ளு மாதிரி இருந்துச்சு.

அதனால இந்த வருஷம் எங்கயும் போறதில்ல, நம்ம வீட்லயேதான், சமையல்லேர்ந்து எல்லா வேலையிலயும் அவங்க கை இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். ஊர்லேர்ந்து வந்த பெரியவங்கள நாம பாசத்துலதான் "நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னு உக்கார வைக்கிறோம், ஆனா காலம் பூரா வேல செஞ்ச ஆளுங்களுக்கு அது ரெஸ்ட் இல்லங்க.

புதன்கிழமை கிரான்பெர்ரிலேர்ந்து ஆரம்பிச்சுச்சு. நாங்க இருக்கற நியூ ஜெர்சிலயே தெக்க பைன் பேரன்ஸ் பக்கம் கிரான்பெர்ரி வெளையுது, அறுவடைக்கு வயல்ல தண்ணியக் கட்டி விட்டா பழமெல்லாம் மெதந்து மேல வந்துரும், செக்கச்செவேல்னு கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கும். அம்மா ஒரு பழத்த எடுத்து வாயில போட்டு கடிச்சாங்க, ஒரு கண்ணு தானா மூடிக்கிச்சு, "அட, நம்ம களாக்கா மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. பையன் கத்தியால ஒண்ண ரெண்டா வெட்டி உள்ள இருக்கற நாலு காத்து அறையக் காட்டுனான், அந்தக் காத்துதான் பழத்த மெதக்க வைக்குது அம்மாச்சின்னு. அதே காரணத்தால நல்ல பழம்னா தரைல போட்டா பந்து மாதிரி எகிறும், அழுகுனது அப்படியே கெடக்கும், அந்தக் காலத்துல பழத்தத் தரம் பிரிக்கவே இப்படித்தான் எகிற விட்டுப் பாப்பாங்களாம். அப்புறம் என்ன, தாத்தாவும் பேரனும் கிச்சன் தரைல உக்காந்து ஒவ்வொரு பழமா போட்டுப் பாத்தாங்க, கால் மணி நேரம் அந்த வேலதான் நடந்துச்சு, கடைசில பழத்த ரெண்டு தடவ கழுவ வேண்டியதாப் போச்சு.

அம்மா கைப்பக்குவத்த இந்தத் தடவதான் ஒழுங்கா பாத்து வச்சிக்கிட்டேன். நல்லெண்ணெய் காஞ்சதும் கடுகு, பெருங்காயம், உடனே பழத்தப் போட்டு மூடிரணும், ஏன்னா சூட்டுல பழம் பட்டுபட்டுனு வெடிக்கும், அடுப்பச் சுத்தி செவப்பாத் தெறிக்கும். மூடி போட்டுட்டு அம்மா காத வச்சிக் கேட்டுக்கிட்டே நின்னாங்க, வெடிக்கிற சத்தம் கொறஞ்சதும் மூடியத் தொறந்து மிளகாத்தூள், உப்பு, வறுத்துப் பொடிச்ச வெந்தயம், கையளவு வெல்லம். எண்ணெய் ஓரத்துல பிரிஞ்சு வர்ற வரைக்கும் கிண்டணும். புளியே வேண்டாம், பழத்துலயே அவ்வளவு புளிப்பு இருக்கு.

வான்கோழி அப்பா பொறுப்பு. எங்க ஊர் பக்கம் ஒண்ணு ரெண்டு வீடுகள்ல வான்கோழி வளப்பாங்க, அதனால அவருக்கு அது புதுசில்ல, ஆனா கல்லு மாதிரி ஒறைஞ்சு போன கோழியத்தான் அவர் பாத்ததில்ல. 12 பவுண்டு. நாலஞ்சு பவுண்டுக்கு ஒரு நாள்னு ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சே ஐஸ் விட வைக்கணும், அதனால ஞாயித்துக்கிழமையே வச்சிட்டோம். தெனமும் காலைல காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி அப்பா போய் விரலால அமுக்கிப் பாத்துட்டு வருவாரு. அப்பாவுக்கு அத வெட்டிக் கொழம்பு வைக்கணும், பையனுக்கு படத்துல இருக்கற மாதிரி முழுசா வேணும், கடைசில முழுசாவே ஓவன்ல வைக்கிறது, மிஞ்சுன எலும்புலயும் கறிலயும் மறுநாள் தாத்தா இஷ்டம்னு முடிவாச்சு. மல்லி, மிளகு, சோம்பு, பூண்டு, இஞ்சி எல்லாம் அரைச்சு வெண்ணெயில கொழப்பி, தோலு கிழியாம தோலுக்கும் கறிக்கும் நடுவுல கைய விட்டு அப்பா தடவுனாரு பாருங்க, எழுபத்தி நாலு வயசுக் கை, நடுக்கமே இல்ல. "பாத்துக்க அப்பு, தோலுதான் கறிக்குப் போர்வ"ன்னு பேரனுக்குச் சொல்லிக்கிட்டே தடவுனாரு.

325 டிகிரி ஃபாரன்ஹீட்ல மூணு மணி நேரம். தெர்மாமீட்டர் பையன் கைல. தொடைல எலும்புல படாம குத்தி 165 காட்டணும். 150, 158னு அவன் கத்த, தாத்தா வெளில இருந்து "இன்னும் விடுறா"ன்னு சொல்ல, இது ஒரு அரை மணி நேரம். அந்தப் பக்கம் டிவில மேசிஸ் பரேட் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 1924லேர்ந்து நியூயார்க்ல நடக்குற ஊர்வலம், பெரிய பெரிய பலூன கயித்தக் கட்டி ஆளுங்க இழுத்துட்டு வருவாங்க. அம்மா அவங்க மருமகன்கிட்ட வீரபாண்டி தேர் இழுக்குற கதைய சொல்லிக்கிட்டே ஒரு வாணலி நெறைய பீன்ஸ் நறுக்கி முடிச்சிட்டாங்க.

கோழி ஆறுற நேரத்துலதான் அப்பா கேட்டாரு, "இது என்ன சாமிக்கு கும்புடுறது?"

என் மக சொன்னா. 12 வயசு, ஸ்கூல்ல படிச்சத அப்படியே தமிழும் இங்கிலீஷுமா சொன்னா. 1620ல மேஃப்ளவர் கப்பல்ல 102 பேர் இங்கிலாந்துலேர்ந்து வந்தாங்க, மொத குளிர்லயே பாதிப் பேர் செத்துட்டாங்க, அப்புறம் இங்கேயே இருந்த வாம்பனோக் ஜனங்கள்ல டிஸ்குவாண்டம்னு ஒருத்தர் மக்காச்சோளம் எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுத்தார், மண்ணுல மீன உரமாப் போட்டு அது மேல வெதைக்கணும்னு. இந்த எடத்துல அப்பா நிமிந்து உக்காந்துட்டாரு, "நாமளும் மீன் அமிலம் அடிக்கிறோம்ல தாயி, வெல்லமும் மீனும் சேத்து ஊற வச்சு"ன்னு என்னப் பாத்து சொன்னாரு. 1621ல நல்ல வெளைச்சல், அறுவடை விருந்துக்கு வாம்பனோக் தலைவர் மாசசாய்ட் 90 பேரோட வந்தாரு, அஞ்சு மான் கொண்டு வந்து குடுத்தாங்க, மூணு நாள் விருந்து.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாரு, "சரி, அந்தச் சொல்லிக் குடுத்தவுக இப்ப எப்படி இருக்காக?"

அவ தயங்கிட்டு என்னப் பாத்தா. சொல்லுன்னேன். அம்பத்தி சொச்சம் வருஷத்துல பெரிய சண்ட வந்துச்சு, 1675ல, அந்தப் பக்கம் தலைவரா நின்னது மாசசாய்டோட சொந்த மகன்தான், அதுல அந்த ஜனங்க நெறைய பேர் அழிஞ்சு நெலமும் போச்சு, இப்பவும் இருக்காங்க தாத்தா ஆனா கொஞ்சப் பேர்தான், அவங்கள்ல பல பேருக்கு இன்னிக்கு துக்க நாள், 1970லேர்ந்து வருஷா வருஷம் அந்தக் கப்பல் ஆளுங்க குடியேறுன பிளிமத்ல கூடி நிக்கிறாங்கன்னு சொன்னா. நானே இவ்வளவு தெளிவா யார்கிட்டயும் சொன்னதில்ல.

அப்பா எந்திரிச்சுப் போய் ஒரு சின்ன வாழையிலத் துண்டு எடுத்தாரு, இந்தியன் கடைல வாங்குனது. அதுல சோறு, பூசணிக்கா, வான்கோழி கறில ஒரு துண்டு, தொக்கு ஒரு சொட்டு வச்சு பின்னாடி டெக்ல கொண்டு போய் வச்சிட்டு வந்தாரு. ஊர்ல காக்காவுக்கு வைக்கிற மாதிரியே. ஒண்ணும் சொல்லல, நாங்களும் கேக்கல. அதுக்கப்புறம்தான் சாப்பிட உக்காந்தோம்.

ராத்திரி எட்டு மணிக்கு, ஊர்ல காலைல ஆறரை, அம்மா வாட்ஸ்அப்ல எதுத்த வீட்டு அக்காவக் கூப்டாங்க. அந்த அக்காதான் இத்தன மாசமா எங்க வீட்டு கோழிக்குத் தீனி போட்டு செடிக்குத் தண்ணி ஊத்துறது. வாசல் தெளிச்சிக்கிட்டு இருந்தவங்க ஈரக்கையோட போன எடுத்தாங்க. "இங்க இன்னிக்கு யாருக்கு நன்றி சொல்லணுமோ சொல்ற நாளாம், பேரன் சொன்னான், எனக்கு ஒன் நெனப்புதான் வந்துச்சு"ன்னு அம்மா சொல்ல, அந்த அக்கா "அட போக்கா, காலங்காத்தால"ன்னு முந்தானைய எடுத்து மூஞ்சியத் தொடச்சாங்க.

மகளுக்கு ஸ்கூல்ல ஒரு வேல குடுத்திருந்தாங்க, வீட்டுப் பெரியவங்கள ஒருத்தரப் பேட்டி எடுத்து ரெக்கார்ட் பண்ணணும். ஸ்டோரிகார்ப்ஸ்னு ஒரு அமைப்பு 2015லேர்ந்து தேங்க்ஸ்கிவிங் லீவுல இத ஸ்கூல் பசங்களச் செய்யச் சொல்றாங்க, நல்ல விஷயம். மொதல்ல தாத்தாவ சேர்ல உக்கார வச்சு கேள்வித்தாளக் கைல வச்சிக்கிட்டு கேட்டா. "பிடிச்ச சாப்பாடு?" "எல்லாம்தான்." "சின்ன வயசுல என்ன வெளையாடுவீங்க?" "எங்கிட்டு வெளையாட." அவ மொகம் வாடிப் போச்சு. அப்புறம் வெள்ளிக்கிழமை காலைல அவர் எலும்புலேர்ந்து கறிய உதுத்துக்கிட்டு இருந்தப்ப பக்கத்துல போன வச்சிட்டு அவளும் கூட உக்காந்து உதுத்தா, தானா வந்துச்சு பேச்சு, 47 நிமிஷம். பெரியவங்கள பேட்டி எடுக்கணும்னு நெனைக்கிறவங்க இத மட்டும் ஞாபகம் வச்சிக்கோங்க, கைக்கு ஒரு வேலையக் குடுத்துட்டு கேளுங்க.

"நீங்க யாருக்கு தேங்க்ஸ் சொல்வீங்க தாத்தா?"ன்னு அவ கேக்குறா. "பென்னிகுக்குக்கு"ன்னாரு யோசிக்காம. எங்க ஊரு கம்பம் பக்கம். மேக்க கேரளாவுக்குள்ள ஓடுன பெரியாத்துத் தண்ணிய அணையக் கட்டி, மலையக் குடைஞ்சு கெழக்க திருப்பி விட்ட இஞ்சினியர், 1895ல தண்ணி வந்துச்சு, அதுலதான் எங்க நெல்லு, திராட்சை எல்லாம். அவர் பொறந்தநாள் ஜனவரி 15, எங்க பக்கத்து ஜனங்க அன்னிக்கு அவருக்குப் பொங்கல் வைக்கிறாங்க. எங்க வீட்ல சாமி படத்துக்குப் பக்கத்துல அவர் படம் இருக்கு, பெரிய மீசையோட. ரெக்கார்டிங்ல என் பையன் குரல் குறுக்க கேக்குது, "அந்த மீசக்காரரா? அது உங்க அப்பான்னுல நெனச்சேன்!" தாத்தா சிரிக்கிறாரு. சிரிச்சு முடிச்சிட்டு சொல்றாரு, "அவருக்கு மட்டும் இல்ல அப்பு. அந்த அணை கட்டைல காய்ச்சல்லயும் காலராவுலயும் எம்புட்டோ கூலிக்காரவுக செத்தாக, அவுக பேரு ஒருத்தருக்கும் தெரியாது. பான பொங்குறப்ப நான் அவுகளையும் சேத்துத்தான் நெனச்சுக்குவேன்." டெக்ல வச்ச அந்த எல எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு.

ரெக்கார்டிங் அதுக்கப்புறமும் கொஞ்சம் ஓடுது. எலும்பு சட்டில விழுற சத்தம், மக ஏதோ கேக்குறது, கடைசில கிச்சன்லேர்ந்து அம்மா சத்தமா, "ஏத்தா, பேசுனது போதும், அடுப்பப் பாரு, அடிப்புடிக்குது!" அங்க கட் ஆகுது. ஸ்கூலுக்கு அனுப்புறப்ப அத வெட்டிரட்டுமான்னு மககிட்ட கேட்டேன். வேணாம்மா, அது இருக்கட்டும்னா. நேத்து ராத்திரி பையன் தூங்கப் போறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி பத்து செகண்ட மட்டும் நாலு தடவ போட்டுக் கேட்டான்.