இரண்டாம் பாகத்திலிருந்து

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி நூலக இடாப்பில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் இருப்பதாகத்தான் எழுதியிருந்தது. அலுமாரியில் இருந்தவை நான்கு. நான்காம் பாகம் எப்போது, யாருடைய கையோடு போனது என்று ஒருவருக்கும் தெரியாது. 1991 இல் நான் ஒன்பதாம் ஆண்டு. முதலாம் பாகத்துக்கு ஒரு நீண்ட வரிசை இருந்தது. என் முறை வர இரண்டு மாதமாவது ஆகும் என்று நூலகத்துக்குப் பொறுப்பான அக்கா சொன்னார். இரண்டாம் பாகம் மட்டும் சும்மா கிடந்தது. முதலாம் பாகத்தை முடிக்காமல் அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

"பரவாயில்லை அக்கா, இதைத் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதனால் எனக்குக் கதை வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்கவில்லை. கோடிக்கரையில், பூங்குழலியில் தொடங்கியது. தனியாகப் படகு தள்ளிக்கொண்டு கடலுக்குள் போகிற ஒரு பெண். தன் மனதிலிருப்பதை ஒருவரிடமும் சொல்லாதவள். எனக்கு அப்போது பதினான்கு வயது. அவள்தான் கதாநாயகி என்று முடிவு செய்துவிட்டேன். வந்தியத்தேவன் அவளுடைய ஊருக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு அந்நியன். பிறகு முதலாம் பாகம் கிடைத்து அவனுடைய குதிரையையும் வீரத்தையும் படித்தபோதுகூட, 'ஓ, இவர் எங்கட இடத்துக்கு வருவதற்கு முதல் இதெல்லாம் செய்தவரா' என்றுதான் தோன்றியது. குந்தவையை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவளை மேலே மாடத்தில் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. பூங்குழலி பக்கத்து வாங்கிலில் இருந்தாள்.

1990 நடுப்பகுதியிலிருந்து எங்களுக்கு மின்சாரம் இல்லை என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு ஏற்றுகிற விளக்கு. அதில் ஒரு அத்தியாயம் படித்தால் அடுத்த அத்தியாயத்துக்கு அம்மாவிடம் கெஞ்ச வேண்டும். வானொலி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுப்போம். அண்ணா சுற்றுவார், அப்பா காதைக் கிட்ட வைத்துக் கேட்பார். அந்த ஆண்டு ஆடி, ஆவணி (ஜூலை, ஓகஸ்ட்) மாதங்களில் வானொலியில் திரும்பத் திரும்ப வந்த பெயர் ஆனையிறவு. அங்கே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது.

அதே நாட்களில்தான் என் கையிலிருந்த புத்தகத்திலும் ஆனையிறவு வந்தது. வடக்கே நாகத்தீவையும் நடுவிலுள்ள பெருநிலத்தையும் இணைக்கிற ஒடுங்கிய துறை என்று கல்கி அதை விவரிக்கிறார். தொண்டைமானாற்று முகத்துவாரமும் வருகிறது. தொண்டைமானாறு! செல்வச்சந்நிதித் தேருக்கு நாங்கள் போகிற இடம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு சோழ இளவரசனைத் தேடி வந்த கப்பல்கள் அங்கே நின்றதாக ஒருவர் சென்னையில் இருந்து எழுதியிருக்கிறார். அதை நான் என் வீட்டுத் திண்ணையில், அந்தப் பெயரை வானொலி இன்னொரு காரணத்துக்காகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது படிக்கிறேன். அந்த இரவில் வரலாறு என்ற சொல் எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வெளியே வந்தது. அதற்கு முன் அது சோதனைக்குப் பாடமாக்கும் ஆண்டுகளின் வரிசை மட்டுமே.

இதை எங்கள் தமிழ் ரீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

ரீச்சரின் தாயார் 1950க்கும் 1954க்கும் இடையில் 'கல்கி' இதழில் இந்தக் கதை தொடராக வந்தபோதே படித்தவராம். இதழ் வந்து சேரும் நாளில் வீட்டில் சமையல் பிந்தும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற 'மோகனாங்கி'யை 1895 இல் எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். பாடத்திட்டத்தில் அது இருக்கவில்லை. "மதுரை நாயக்கரையும் தஞ்சாவூர் நாயக்கரையும் பற்றித் திருகோணமலைக்காரர் எழுதலாமென்றால், உங்களுக்கு எதை எழுதப் பயம்?" என்று கேட்பார்.

அப்புறம் அந்தக் கட்டுரைப் பயிற்சியைத் தந்தார். வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் ஈழத்துக் காட்டு வழியால் போகிறார்கள். வழியில் ஒரு குடிசை வாசலில் உங்கள் வயதுப் பிள்ளை ஒருத்தி நிற்கிறாள். அவர்கள் கடந்து போய்விட்டார்கள். அன்றிரவு அவள் தன் தாயிடம் என்ன சொல்லியிருப்பாள்? ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாங்கோ.

கொப்பித் தாள் தட்டுப்பாடான காலம். பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதினோம். வகுப்பில் பலர் வந்தியத்தேவனின் அழகைப் பற்றி எழுதினார்கள். ஒருத்தி அந்தப் பிள்ளைக்குச் சிங்களப் பெயர் வைத்திருந்தாள். அதைப் பற்றி வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்கக் கதைத்தோம். நான் எழுதியதில் ஒரு வரி இன்னும் நினைவிருக்கிறது: 'அவர்கள் பேசியது எங்கள் பாஷை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.' ரீச்சர் அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டு, பக்கத்தில் 'இதுதான்' என்று எழுதியிருந்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை. எந்தப் பரிசளிப்பு விழாவிலும் எனக்கு அதைவிடப் பெரியது கிடைத்ததில்லை.

1995 ஐப்பசி (ஒக்டோபர்) முப்பதாம் தேதி, இராணுவம் நெருங்கி வந்தபோது, எல்லோரையும் போல நாங்களும் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அதைப் பற்றி இந்தப் பழைய மாணவர் மலரில் முன்பு பலர் எழுதிவிட்டார்கள். என் கட்டுரைத் தாள் வீட்டோடு போய்விட்டது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

சிங்கப்பூருக்கு 2001 இல் வந்தேன். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அப்போது இன்னும் அந்தச் செங்கல் கட்டட நூலகம் இருந்தது. 2004 இல்தான் மூடினார்கள். தமிழ்ப் புத்தகத் தட்டுகளின் முன்னால் நின்றபோது என் கை தானாக ஒரு புத்தகத்தை இழுத்தது. 'மணிமகுடம்'. நான்காம் பாகம். பத்து ஆண்டுகளாக அதில்லாமலே ஐந்தாம் பாகத்தை நான் மூன்று முறை படித்திருந்தேன். நடுவில் நடந்ததை நானாகவே கற்பனை செய்து நிரப்பி வைத்திருந்தேன். கல்கி எழுதியது வேறாக இருந்தது. என்னுடையதும் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

சரி, இனி என் மகளுடைய கதைக்கு வருகிறேன். அவள் 2008 இல் இங்கே பிறந்தவள். பன்னிரண்டு வயதிலிருந்து ஆங்கிலத்தில் இளையோர் நாவல்கள் என்று தனித் தட்டில் வைத்திருக்கிறவற்றைத்தான் அள்ளிக்கொண்டு வருவாள். எங்கள் காலத்தில் அப்படி ஒரு தட்டு இருக்கவில்லை. அம்புலிமாமாவிலிருந்து ஒரே தாவலில் கல்கிக்கும் சாண்டில்யனுக்கும் போனோம். அதனால் முதலில் எனக்கு அந்தப் புத்தகங்கள் மேல் பெரிய மதிப்பு இல்லை. பிள்ளைகளின் மன உளைச்சலையே சுற்றிச் சுற்றி எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். அது தவறு. அவற்றை அவளோடு சேர்ந்து படிக்காமல் தீர்ப்புச் சொன்னேன்.

ஒருநாள் அவள் கொண்டுவந்தது ரோஸ்மேரி சட்கிளிஃப் எழுதிய 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்'. வெளிவந்த ஆண்டு 1954. 'பொன்னியின் செல்வன்' தொடர் நிறைவுற்ற அதே ஆண்டு! ரோமானியப் பேரரசின் ஓரத்தில், பிரிட்டனில் நடக்கிற கதை. காயப்பட்ட ஓர் இளம் ரோமானிய அதிகாரி மார்கஸ், தன் தந்தையோடு காணாமல் போன படையணியின் கழுகுச் சின்னத்தைத் தேடி வடக்கே போகிறான். கூடப் போகிறவன் எஸ்கா. ரோமானியர்களிடம் தோற்றுப்போன இனத்தைச் சேர்ந்தவன், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன். அதில் ஓர் இடத்தை மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். ரோமானியக் குத்துவாளின் உறையில் உள்ள ஒழுங்கான, ஒன்றையொன்று ஒத்த கோலத்தையும், தன் மக்களின் கேடயத்தில் ஓடித் திரிகிற வளைகோடுகளையும் காட்டி, 'இதைச் செய்தவர்களால் அதைப் புரிந்துகொள்ள முடியுமா' என்ற விதமாக எஸ்கா பேசுகிற இடம். வென்றவனின் நண்பனாக இருந்துகொண்டே அதைச் சொல்கிறான். நான் வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். குடிசை வாசலில் நின்ற அந்தப் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அப்போது பிடிபட்டது. எங்கள் வரலாற்று நாவல்கள் பெரும்பாலும் அரண்மனையிலிருந்து வெளியே பார்க்கின்றன. நல்ல இளையோர் நாவல் வாசலில் நிற்கிற பிள்ளையின் கண் உயரத்திலிருந்து பார்க்கிறது. அவளுக்கு அரசியல் முழுதாகத் தெரியாது. யார் சொல்வதை நம்புவது என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். கல்கியின் பெருமை, அந்தப் பெரிய அரண்மனைக் கதைக்குள்ளும் பூங்குழலி என்ற படகோட்டிப் பெண்ணுக்கு அவ்வளவு இடம் கொடுத்தது என்பது என் எண்ணம். நான் இரண்டாம் பாகத்தில் நுழைந்ததால்தான் இது எனக்குத் தெரிந்தது.

கடாரத்தை எடுத்துக்கொள்வோம். 1025 இல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கிக் கடாரத்தை வென்றது. ஏஎல் (உயர்தரம்) படிக்கும்போது அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' வாசித்துவிட்டுப் பட்டிமன்றத்தில் 'கங்கையும் கடாரமும் கொண்ட' என்று நான் முழங்கியது, அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கடாரம் இங்கிருந்து காரில் ஒரு முழுநாள் ஓட்டம். கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. கடந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் போனோம். புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் ஓர் ஓடைக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது. தூண்களை நிறுத்தியிருந்த கல் பீடங்கள் வரிசையாகத் தெரிகின்றன. கொஞ்சத் தூரத்தில் சுங்கை பத்துவில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இங்கே ஏற்கெனவே ஒரு ஊர் உழைத்து வாழ்ந்துகொண்டிருந்தது என்பது அதைப் பார்க்கும்போது உறைக்கிறது.

நான் மகளுக்குச் சோழர் கப்பல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டாள்: "அம்மா, கப்பல் வந்த அண்டைக்கு இஞ்ச இருந்த பிள்ளையள் எங்க ஓடிப் போயிருப்பினம்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஓடிப்போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தும் கடாரத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அப்படி யோசித்ததில்லை. ராஜேந்திரன் மேல் எனக்கிருக்கும் வியப்பு அதனால் குறையவில்லை. ஆனால் அந்த ஓடைக்கரையில் இன்னொரு நாவல் எழுதப்படாமல் கிடக்கிறது என்பது தெரிந்தது.

சிங்கப்பூரிலும் அப்படிக் கிடக்கின்றன. விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போனால், அங்கிருந்து வாட்டர்லூ தெருவுக்கு நடந்தே போய்விடலாம். கிருஷ்ணன் கோயிலும் சீனக் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற தெரு. பூக்கடைகளும் ஊதுவத்தி வாசமுமாக இருக்கும். 1943 ஐப்பசியில், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென்று அமைந்த ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அந்தத் தெருவில்தான் திறந்தது. நேதாஜியின் அழைப்பைக் கேட்டு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் பலர் பதின்ம வயதுப் பெண்கள். பால்மரம் வெட்டிய கையில் துப்பாக்கி. அதே காலத்தில் அவர்களுடைய அண்ணன்மாரும் அப்பாமாரும் ஜப்பானியரால் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை, திரும்பி வராதவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அந்தப் போர்க்காலத்தின் மெடானையும் பினாங்கையும் நம் கண்முன்னே கொண்டுவருகிறது. எனக்கு உயிரான நாவல். ஆனால் அது பெரியவர்களுக்கானது. அந்த மொழிக்குள் போக ஒரு முதிர்ச்சி வேண்டும். வாட்டர்லூ தெரு முகாமில் முதல்நாள் இரவு தூக்கம் வராமல் படுத்திருந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தோட்டத்துத் தமிழிலேயே தன் கதையைச் சொல்வது போல யாராவது எழுத வேண்டும். இந்த மலரைப் படிக்கிறவர்களில் எழுதக்கூடியவர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் ஒருத்திதான் அன்று அந்தப் பிள்ளைக்குச் சிங்களப் பெயர் வைத்தவள்.

இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது கருத்தறிதல் பயிற்சியும் வாய்மொழித் தேர்வுமாக முடிந்துவிடுகிறது என்பது என் பெரிய கவலை. படக்கதைக்கும் ஐந்து பாக நாவலுக்கும் நடுவில் அவர்கள் ஏறி வர ஒரு படி வேண்டும். அதுவரை நான் என்னால் ஆனதைச் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மகளுக்குப் 'பொன்னியின் செல்வ'னை உரத்து வாசிக்கிறேன். கடினமான சொல் வந்தால் நிறுத்திக் கதைக்கிறோம். ஒரு அத்தியாயத்துக்குச் சிலவேளை ஒரு மணித்தியாலம் எடுக்கிறது. அவளுக்கு அலுக்கவில்லை. எனக்கும்தான்.

இரண்டாம் பாகத்திலிருந்துதான் தொடங்கினோம். இப்போது படகு இலங்கைக் கரையை நெருங்கியிருக்கிறது. போன வாரம் அவள் கைப்பேசியில் வரைபடத்தை விரித்துத் தொண்டைமானாற்றைத் தேடிப் பிடித்தாள். அதிலிருந்து எங்கள் கல்லூரிக்கு எவ்வளவு தூரம் என்று விரலால் அளந்து பார்த்துவிட்டு, "ரீச்சர் குடுத்த அந்தக் கட்டுரையை நானும் எழுதட்டோ?" என்றாள். தமிழில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். தாளும் பேனையும் எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.